காற்றுக்குக் காத்திருப்போர்

மத்தியதரைக் கடலின் நடுவே, சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், மால்டா என்னும் சிறு நாடு உள்ளது. அதன் பரப்பு 316 சதுரக் கிலோமீட்டரே ஆயினும், கிறிஸ்தவ உலகம் அதன் பெயரை என்றும் மறக்க இயலாது. கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட புனித சின்னப்பர், கி.பி. 60-ஆம் ஆண்டளவில், கப்பல் உடைந்து கரையேறிய தீவு இதுவே. அங்கே அவர் மூன்று மாதம் தங்கினார் என்று படிக்கிறோம். ஏன் மூன்று மாதம் என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. குளிர்காலம் கழியும்வரை அக்கடலில் கப்பல் ஓடாது என்பதே அதற்கு விடை.

பண்டைய உரோமையர் குளிர்காலக் கடலை 'மூடப்பட்ட கடல்' என்றே அழைத்தனர். நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடியிருக்கும் என வெகேசியுஸ் என்னும் உரோமை ஆசிரியர் வரையறுத்து எழுதிவைத்துள்ளார். கதவில்லாத கடலை மூடுவது எங்ஙனம்? காற்றே அதன் கதவு. எந்திரம் பூண்ட பெருங்கப்பல்கள் இந்நாளில் ஆண்டு முழுவதும் ஓடுகின்றன. சிறு பாய்ப்படகுகளுக்கோ அக்கதவு பெரும்பாலும் இன்றும் மூடியே கிடக்கிறது. அத்தகைய படகையே வீடாகக் கொண்டு, குளிர்காலத்தில் அதனைத் துறைமுகத்தில் கட்டிவைத்து, அதிலேயே உண்டு உறங்கி, வசந்தத்தை எதிர்நோக்கியிருக்கும் மக்கள் சிலரை 2019-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மால்டாவில் காணும் பேறு பெற்றோம். அங்கே கண்டதையும் கற்றதையும் நம் பங்குக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறோம்.

உரோமையில் குருக்களுக்கென நடைபெற்ற கருத்தரங்கு ஒன்று முடிந்தபின், மால்டாவில் சில வாரங்கள் தங்க வாய்ப்பு நேர்ந்தது. தலைநகராகிய வலெட்டா ஒரு நீண்ட பாறை முனைமீது அமைந்தது. அதன் ஒருபுறம் பெருந்துறைமுகம். மறுபுறம் மார்சம்ஷெட் என்னும் துறைமுகம். இரண்டின் வாயும் வடகிழக்கை நோக்கியே திறந்துள்ளன. அத்திசையிலிருந்து, வாடைக்கும் கொண்டலுக்கும் இடையே வீசும் கொடுங்காற்றை மால்டா மக்கள் 'கிரிகால்' என்பர். சின்னப்பரின் கப்பலைத் தாக்கியதாகப் புனித லூக்காஸ் குறிப்பிடும் காற்று அதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. அதன் சீற்றத்தைத் தடுக்கவே பெருந்துறைமுகத்தின் வாயில் 1903-ஆம் ஆண்டு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினர்.

பிப்ரவரி 10, புனித சின்னப்பரின் கப்பற்சேதத் திருநாள். நாடு முழுவதற்கும் அன்று விடுமுறை. வலெட்டாவில் அப்பெயர் தாங்கிய ஆலயத்தில் புனிதரின் மணிக்கட்டு எலும்பு திருப்பண்டமாகப் பேணப்படுகிறது. உரோமையில் அவர் தலை வெட்டுண்ட தூணின் பகுதி எனப்படும் கல்லும் அங்கே உள்ளது. மெல்கியோரே கஃபா என்னும் மால்டாச் சிற்பி மரத்தில் செதுக்கிய புனிதரின் சுரூபத்தைத் தோளில் சுமந்து வருகின்றனர். மாடங்களிலிருந்து மக்கள் காகிதத் துணுக்குகளைப் பொழிகின்றனர். தெருவெல்லாம் வெண்பனி விழுந்தாற்போல் ஆகிவிடுகிறது. கப்பல் உடைந்த நாளை ஒரு நாடே திருநாளாகக் கொண்டாடும் விந்தையை வேறெங்குக் காண்போம்!

நிற்க. மார்சம்ஷெட் துறைமுகத்தின் உட்புறத்தில் ம்சீதா என்னும் குடாவில் நூற்றுக்கணக்கான பாய்ப்படகுகள் அணியணியாக நிற்கின்றன. படகின் பின்புறத்தைக் கரையோடு கட்டி, முன்புறத்தைக் கடலடியில் பதித்த வடத்தோடு பிணைத்திருப்பர். கரைக்கும் படகுக்கும் இடையே ஒரு பலகையே பாலம். பாய்களைக் கழற்றி, உப்பு நீங்க நன்னீரில் அலசி, மடித்து உள்ளே வைத்துவிடுவதால் பாய்மரங்கள் இலையுதிர்த்த மரங்களைப்போல் தோன்றும். அவற்றுள் பல ஆளற்றவை. சிலவற்றின் சிறு சாளரங்களில் மட்டும் மாலையில் விளக்கு எரியும்.

அவ்விளக்குகளுள் ஒன்று, நாம் தங்கியிருந்த பங்கின் காலைத் திருப்பலிக்கு நாள்தோறும் வந்த அயர்லாந்துத் தம்பதியருடையது. கணவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எழுபதைக் கடந்தவர். மனைவி மருத்துவமனைத் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். ஒருநாள் திருப்பலிக்குப்பின் தேநீர் அருந்த நம்மை அழைத்தனர்.

படகின் நீளம் 11 மீட்டர். உள்ளே இறங்கினால், நம் ஊர்களில் ஓர் ஏழையின் குடிசையினும் சிறிய இடம். பகலில் உணவு மேசையாக நிற்பது இரவில் படுக்கையாகிறது. படகு சாய்ந்தாலும் பாத்திரம் கவிழாதவாறு அடுப்பு இரு முளைகளில் ஊசலாடுகிறது. தொட்டியில் உள்ள தண்ணீரை அளந்தே செலவிட வேண்டும். சுவரில் ஒரு பாடுபட்ட சுரூபம். அதன் அருகே ஒரு காற்றழுத்தமானி. காலையில் எழுந்ததும் இரண்டையும் நோக்குவது தம் வழக்கம் என்று முதியவர் புன்னகையோடு கூறினார்.

குளிர்காலத்தில் இவர்கள் சும்மா இருப்பதாக எண்ணியிருந்த நமக்கு, அவர்களுடைய நாளின் ஒழுங்கு வியப்பளித்தது. மால்டாவில் பனி பொழிவதில்லை. ஆனால் மழையும் ஈரமும் மிகுதி. மூச்சுக்காற்றே சுவரில் நீர்த்துளியாகப் படிந்து பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகவே வாரந்தோறும் மெத்தைகளைத் தூக்கி உலர்த்த வேண்டும். படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்க வேண்டும். கிழிந்த பாய்களைத் தைக்க வேண்டும். பாய்மரத்தை ஒட்டிய கயிறுகள் காற்றில் அடித்து இரவெல்லாம் ஓசை எழுப்பும். அவற்றை வேறொரு கயிற்றால் இழுத்துக் கட்டிவைப்பது அயலாருக்குச் செய்யும் கடமை. தன் படகின் ஓசைக்குத் தன் செவி பழகிவிடுமாம். கெடுவது அடுத்தவர் உறக்கம். இதைக் கேட்டபோது, நம் தெருக்களில் ஒலிபெருக்கி வைப்போரை நினைத்துக்கொண்டோம்.

பேச்சு வளர்ந்தபோது, தாம் இவ்வாறு கழித்த முதற் குளிர்காலத்தைப்பற்றி அவ்வம்மையார் மனந்திறந்து சொன்னார். "தந்தையே, முப்பத்தைந்து ஆண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தோம். மனத்தாங்கல் வந்தால் இவர் தோட்டத்துக்குப் போய்விடுவார். நான் மருத்துவமனைக்குப் போய்விடுவேன். இந்தப் படகில் போவதற்கு இடமில்லை. அந்தக் குளிர்காலத்தின் நடுவில், வசந்தம் வந்ததும் படகை விற்றுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போவது என்றே முடிவு செய்துவிட்டோம்."

ஒருவரோடொருவர் பேசாதிருந்த நான்காம் நாள் இரவில் பெருங்காற்று எழுந்ததாம். கரையோடு கட்டிய கயிறுகளுள் ஒன்று அறுந்துபோகும் நிலையில் இருந்தது. அவர் புதுக் கயிற்றைக் கட்ட, பழைய கயிற்றை அம்மையார் இழுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. "பேசாமல் கயிறு கட்ட முடியாது, தந்தையே" என்றார் அவர். மறுநாள் காலை ஒரு முதிய மால்டாப் படகோட்டி அறுந்த கயிற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, இதை அறுத்தது நேற்றைய காற்று அன்று என்றாராம். காற்றில்லாத நாட்களிலும் படகு மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். கயிறு விளிம்பில் படும் ஒரே இடத்தில் உராய்ந்து உராய்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்து வரும். புயல் வரும் நாளில் அது அறும். ஆகவே வாரம் ஒருமுறை கயிற்றை ஒரு சாண் நெகிழ்த்தியோ இழுத்தோ கட்டினால் உராய்வு புதிய இடத்தில் விழும். கயிறு நெடுநாள் உழைக்கும்.

அன்றுமுதல் சனிக்கிழமைதோறும் இருவரும் சேர்ந்து கயிறுகளை இடம் மாற்றிக் கட்டுகின்றனர். "கையோடு அந்த வாரத்து மனத்தாங்கலையும் பேசி முடித்துவிடுவோம். ஒரே இடத்தில் உராய விடுவதில்லை" என்றார் கணவர். திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் நாம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதை அம்முதியவர் ஒரு முழக் கயிற்றைக்கொண்டு விளக்கிவிட்டார்.

அவர்களுக்கு அடுத்த படகில் ஓர் இளைஞர் தனியே வாழ்ந்தார். சிசிலியில் சீரக்கூஸ் நகரில் அவருக்கு ஒரு வேலை காத்திருந்தது. படகே அவருக்கு வீடாகையால் அதனையும் கொண்டுசெல்ல வேண்டும். ஒருநாள் காலை மேகமற்ற வானம், இளவெயில், முகத்தைத் தடவும் மென்காற்று. கடல் குளம்போல் கிடந்தது. இளைஞர் பாய்களை மேலே கொணர்ந்து கட்டத் தொடங்கினார். ஒரு பகலும் ஓர் இரவும் போதும், அக்கரை சேர்ந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. முதியவர் பலகையைக் கடந்து அவர் படகுக்குச் சென்றார். வானிலை அறிக்கைகளை விரித்துவைத்து நெடுநேரம் பேசினார். குளிர்காலத்தில் இரு புயல்களுக்கு இடையே வரும் நல்ல நாள் எத்தனை மணி நேரம் நிலைக்கும் என்பதை எவரும் அறியார். துணைக்கு ஆளுமின்றித் தனியே செல்வது தகாது என்றார். இளைஞர் மறுமொழி எதுவும் கூறவில்லை. மாலையில் பாய்கள் மீண்டும் உள்ளே சென்றன. இரண்டு மூன்று நாட்கள் அவர் முதியவருக்கு முகங்கொடுத்துப் பேசவுமில்லை.

இந்நிகழ்ச்சி, அப்போஸ்தலர் பணி நூலின் 27-ஆம் அதிகாரத்தை மீண்டும் எடுத்துப் படிக்க நம்மைத் தூண்டியது. கிரேத்தாத் தீவின் தென்கரையில், 'அழகிய துறைமுகம்' என்று பொருள்படும் ஓரிடத்தில் சின்னப்பரின் கப்பல் நின்றது. நோன்பு நாளும் கடந்து, பயணத்திற்கு ஏற்ற காலம் முடிந்துவிட்டது. இனிப் புறப்பட்டால் சரக்கோடு உயிருக்கும் கேடு என்று அவர் எச்சரித்தார். நூற்றுவர் தலைவனோ கைதியின் சொல்லைவிட மாலுமியின் சொல்லையும் கப்பலுடையவனின் சொல்லையும் பெரிதாக மதித்தான். அத்துறைமுகம் குளிர்காலத்தைக் கழிக்க வசதியற்றது. சற்றுத் தொலைவில் பெனிக்ஸ் என்னும் நல்ல துறைமுகம் உண்டு. அங்கே போய்விடலாம் என்பது பெரும்பாலோர் விருப்பம். அந்நேரத்தில் தெற்கிலிருந்து மென்காற்று வீசியது. எண்ணியது கைகூடிற்று என்று களித்து நங்கூரத்தைத் தூக்கினர்.

அன்பர்களே, சற்றுச் சிந்தியுங்கள்! அவர்களைக் கடலுக்கு இழுத்தது அந்த இனிய காற்றே. புயலைக் கண்டிருந்தால் எவரும் புறப்பட்டிரார். கரையோரம் சிறிது தூரம் செல்வதற்குள் வடகிழக்குக் காற்று பாய்ந்து இறங்கியது. பல நாள் கதிரவனையும் விண்மீன்களையும் காணாமல் அலைந்தனர். சரக்கைக் கடலில் எறிந்தனர். பதினான்காம் இரவில் ஆழம் அளந்தபோது 20 பாகம், சற்றுக் கழித்து 15 பாகம். பாறைகளுக்கு அஞ்சி, பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கி, விடியலுக்காக ஏங்கி நின்றனர். கப்பல் உடைந்தது, ஆனால் அதிலிருந்த 276 பேரும் இறையருளால் உயிரோடு கரை சேர்ந்தனர்.

இவ்வரலாற்றின் உண்மையை ஆராய்ந்தவர்களுள் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித் என்பவர் குறிப்பிடத்தக்கவர். பாய்ப்படகு செலுத்துவதில் நீண்ட அனுபவம் பெற்ற அவர், 1844–45 குளிர்காலத்தை மால்டாவில் கழித்து, கடலாழத்தையும் கரையமைப்பையும் நேரில் ஆய்ந்தார். கிரேத்தாவின் அருகிலுள்ள கிளவுதாத் தீவிலிருந்து அக்காற்றில் அடித்துச் செல்லப்படும் கப்பல் மால்டாவை அடைய ஏறத்தாழ 13 நாட்கள் ஆகும் என்று கணக்கிட்டு, 1848-இல் நூலாக வெளியிட்டார். லூக்காஸ் கூறும் பதினான்காம் இரவோடு அக்கணக்கு பொருந்துகிறது. புனித சின்னப்பர் விரிகுடா என்று இன்று வழங்கும் இடத்தை நாமும் சென்று கண்டோம். அதன் ஓரத்திலுள்ள கவ்ரா முனையில், 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாளன்று, அதாவது அத்திருநாளன்றே, ஓர் எண்ணெய்க் கப்பல் புயலில் அடித்துவரப்பட்டுப் பாறையில் ஏறியது. காலம் மாறினும் காற்று மாறவில்லை.

அக்காற்றை நாமும் காணும் நாள் வந்தது. பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு கிரிகால் எழுந்தது. பங்கு இல்லத்தின் கதவுகளும் சாளரங்களும் நடுங்கின; பாய்மரங்கள் அனைத்தும் ஒன்றுசேர்ந்து ஓலமிட்டாற்போன்ற ஓசை இரவு முழுதும் கேட்டது. மறுநாள் ஞாயிறன்றும் கடற்கரைச் சாலைகளில் அலைகள் ஏறின; மரங்கள் சாய்ந்தன. சின்னப்பர் விரிகுடாப் பக்கத்தில், கடலில் வளர்க்கப்பட்ட மீன்கள் சாலையிலேயே வந்து விழ, மக்கள் பைகளில் அள்ளிச் சென்றனர். அன்றைய திருப்பலிக்கு வந்தோர் மிகச் சிலர். பகைவரை நேசிக்கவும் மன்னிக்கவும் நம் ஆண்டவர் கற்பித்த பகுதியே அன்றைய சுவிசேஷம். முன் வரிசையில் அத்தம்பதியர் வழக்கமாக அமரும் இடம் வெறுமையாக இருந்தது.

திங்களன்று காற்று தணிந்ததும் விரைந்து சென்றோம். இருவர் உள்ளங்கைகளிலும் கயிறு அறுத்த புண்கள். படகு நலமாக நின்றது. சனிக்கிழமை மாலையே கயிறுகளை வழக்கம்போல் இடம் மாற்றிக் கட்டியிருந்தனர். நள்ளிரவுக்குமேல் முதியவரின் வலிமை குன்றியபோது, அடுத்த படகிலிருந்து ஒருவர் தோளில் தடித்த வடமொன்றைச் சுமந்துகொண்டு குதித்து வந்தாராம். முகங்கொடுத்துப் பேசாதிருந்த அதே இளைஞர்! விடியும்வரை அவர் தம் படகுக்கும் இவர்கள் படகுக்குமாக ஓடி உழைத்தார். நாம் சென்றபோது மூவரும் அந்தச் சிறு மேசையைச் சுற்றிக் கஞ்சி அருந்திக்கொண்டிருந்தனர். அந்த மென்காற்றைப்பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இவையெல்லாம் தொலைதூரத்துச் செய்திகள் என்று நம் மக்கள் எண்ண வேண்டா. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணிகள், தென்மேற்குப் பருவக்காற்று கடுமையாக வீசும் மாதங்களில் ஓடாமல் நிற்பதை நம் கடற்கரைப் பங்குகள் அறியும். அக்கடற்கரையின் அப்போஸ்தலராகிய புனித சவேரியாரும் காற்றுக்குக் காத்திருந்தவரே. 1541-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் லிஸ்பனில் கப்பல் ஏறிய அவர், பருவக்காற்று தவறிப்போனமையால் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மொசாம்பிக் தீவில் ஏறத்தாழ ஆறு மாதம் தங்க நேர்ந்தது. இந்தியாவில் எத்தனையோ ஆன்மாக்கள் காத்திருக்க, தாம் ஒரு தீவில் கட்டுண்டு கிடப்பதை எண்ணி அவர் உள்ளம் எவ்வளவு துடித்திருக்கும்! ஆயினும் அவர் சும்மா இருந்தாரில்லை. கப்பல்களிலிருந்து இறக்கப்பட்ட நோயாளிகளுக்கு மருத்துவமனையில் இரவு பகலாகப் பணிவிடை செய்தார். தாமே காய்ச்சலில் விழுந்தார். கோவாவை அடைந்தது 1542, மே 6-ஆம் நாள். முத்துக்குளித்துறைக்கு அவர் புறப்பட்டது அவ்வாண்டு அக்டோபரில். மொசாம்பிக்கில் நோயாளரின் படுக்கையருகே அமர்ந்த அந்த மாதங்களும் அவருடைய அப்போஸ்தலப் பணியைச் சேர்ந்தவையே. மால்டாவில் தங்கிய சின்னப்பரும் அவ்வாறே நடந்துகொண்டார். குளிர்காய நெருப்பு மூட்டியபோது தம் கையால் சுள்ளி பொறுக்கினார்; புப்லியுவின் தந்தையைக் குணப்படுத்தினார்; நோயுற்று வந்தோருக்கெல்லாம் உதவினார்.

நம் இல்லங்களிலும் குளிர்காலம் உண்டு. படித்து முடித்து வேலைக்காகக் காத்திருக்கும் மகன், திருமணத்திற்குக் காத்திருக்கும் மகள், வெளிநாட்டிலிருக்கும் கணவனின் வரவை எண்ணி நாட்களைக் கழிக்கும் மனைவி, மருத்துவர் சொன்ன மாதங்களைக் கடக்கும் நோயாளி: இவர்கள் இல்லாத பங்கு எது? இவர்கள் வாசலிலும் அந்த மென்காற்று வீசும். இன்றே பணம் கட்டினால் அடுத்த வாரமே கடல் கடந்த வேலை என்பார் ஒரு தரகர். நல்ல இடம், விசாரிக்க நேரமில்லை, உடனே முடித்துவிடுங்கள் என்பார் ஓர் உறவினர். பாதி மருந்தோடு நிறுத்திவிடு, உடம்புதான் தேறிவிட்டதே என்று நம் மனமே சொல்லும். அத்தகைய நாளில், நங்கூரத்தைத் தூக்குமுன், அனுபவமும் அன்பும் உள்ள ஒருவரிடம் கேளுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் பலகையைக் கடந்து உங்களிடம் வந்தால், அவர்மேல் கோபம் வந்தாலும் அவர் சொல்வதைக் கேட்டுவிடுங்கள்.

அதே வேளையில், கடல் திறக்கும் நாளில் துறைமுகத்திலேயே தங்கிவிடுவதும் தவறாகும். படகு கட்டப்படுவது ஓடுவதற்கே. காத்திருந்த காலத்தில் பாயைத் தைத்தவனும் கயிற்றைப் பேணியவனும் அயலானுக்குக் கைகொடுத்தவனும் முதல் நல்ல காற்றிலேயே புறப்பட ஆயத்தமாயிருப்பான்.

அவ்வாண்டு பாஸ்குத் திருநாள் ஏப்ரல் 21-ஆம் நாள் வந்தது. மே மாதத்தில் நமக்கு ஓர் அஞ்சலட்டை கிடைத்தது. பாஸ்கு வாரம் முடிந்ததும் புறப்பட்டதாகவும், இளைஞரின் படகும் தங்கள் படகும் சீரக்கூஸ்வரை ஒன்றையொன்று பார்த்தபடி சென்றதாகவும், வழியெல்லாம் தென்காற்று மென்மையாக வீசியதாகவும் அம்மையார் எழுதியிருந்தார். இம்முறை அது பருவத்தில் வந்த காற்று.

கடலின் விண்மீனாகிய நம் அன்னை, கடலில் செல்வோரையும் கரையில் காத்திருப்போரையும் தம் திருமகனிடம் பத்திரமாய்க் கொண்டு சேர்ப்பாராக.